உலோகக் கூரையா, ஆஸ்பால்ட் ஷிங்கிளா? இரண்டு விதச் சரிவுள்ள வீட்டுக்கு எதைப் போடலாம்?

கேள்வி கேட்டவர்:

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையை இந்த ஆண்டு மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இப்போது இருப்பது ஆஸ்பால்ட் ஷிங்கிள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடிக்கும் தார் பூசிய துண்டுகள். போட்டு 19 ஆண்டுகள் ஆகின்றன. மழை விட்ட பிறகு இறவாணத் தூம்பைச் சுத்தம் செய்தால் கைப்பிடி கைப்பிடியாகக் கருமணல் வருகிறது. வெயில் அதிகம் படும் பக்கத்தில் ஷிங்கிள்களின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டுகொண்டிருக்கின்றன. வீட்டின் முன்பகுதிக் கூரை நல்ல சரிவானது. பின்புறம் பிற்காலத்தில் ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். அதன் கூரை ஏறக்குறைய தட்டையாகவே தெரியும். அந்த அறையின் உட்கூரையில்தான் பழுப்பு நிறத்தில் ஒரு கறை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருகிறது.

இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்துக் காட்டினேன். முதலாமவர், முழுக் கூரைக்கும் உலோகத் தகடு போட்டுவிட்டால் ஐம்பது ஆண்டுகளுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்கிறார். இரண்டாமவர், தகரக் கூரையில் மழைச் சத்தத்தில் தூங்க முடியாது, இடியை இழுக்கும், வெயிலில் வீடு அடுப்பாகிவிடும் என்று சொல்லி, தடித்த ரக ஷிங்கிளையே முழுவதுக்கும் போடச் சொல்கிறார். உலோகத்துக்கு அவர் கேட்கும் தொகையைவிட இவர் ஷிங்கிளுக்குக் கேட்பது பாதிக்கும் குறைவு. இருவரும் நேர்மையாகவே பேசுவதாகத் தோன்றுகிறது. ஆனாலும் இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதால் யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்களுக்கு இந்த வீட்டை விற்கும் எண்ணம் இல்லை. மாடி அறையில் என் மகள் இரவு வெகுநேரம் படிப்பாள் என்பதால் சத்தத்தைப் பற்றிய கவலையும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூரை வேலை செய்பவர்:

வணக்கம் ஐயா. எந்தப் பொருள் என்பதைப் பேசுவதற்கு முன்னால் எனக்கு ஓர் அளவு தெரிய வேண்டும். ஒரு ரசமட்டத்தை எடுத்து, அதன் ஒரு முனையைக் கூரையில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அந்த முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளி, ரசமட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் கூரைக்கும் நடுவே எத்தனை அங்குல இடைவெளி இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியே வேண்டும். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்டவர்:

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. என் தம்பி ஏணியைப் பிடித்துக்கொள்ள, இன்று காலை அளந்தேன். முன்பகுதியில் 12 அங்குலத்துக்கு 6 அங்குலம். பின்னறைக் கூரையில் 12 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம்தான்.

கூரை வேலை செய்பவர்:

உங்கள் கேள்வியின் பாதிக்கு இந்த ஒன்றரை அங்குலமே விடை சொல்லிவிடுகிறது. ஷிங்கிள் என்பது தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் பொருள் அல்ல, வழித்து அனுப்பும் பொருள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய துண்டுகளின் மேல் தண்ணீர் வேகமாக ஓடிவிட்டால் கூரை நனையாது. மெதுவாக ஓடினால் அடுக்குகளுக்கு இடையில் பின்னோக்கி ஏறி ஆணித்துளை வரை போய்விடும். அதனால்தான் 12-க்கு 2 அங்குலத்துக்குக் குறைந்த சரிவில் ஷிங்கிளே போடக் கூடாது என்பது பொதுவான விதி. 2-லிருந்து 4 வரையிலான சரிவில் அடியில் இரட்டை அடுக்குக் காப்புத்தாள் விரித்த பிறகே போடலாம். உங்கள் பின்னறையில் போட்டிருக்கும் ஷிங்கிள் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் ஒழுகத்தான் செய்யும். அங்கே மறுபடியும் ஷிங்கிளைப் போடச் சொல்பவர், அவர் நல்லவராகவே இருந்தாலும், அந்த இடத்தை அளக்காமல் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பகுதிக்கு நிமிர்ந்த மடிப்புள்ள உலோகத் தகடு, அதாவது ஸ்டாண்டிங் சீம், பொருந்தும். இதில் இரண்டு வகை உண்டு. கையால் அழுத்தினாலே ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் வகை இவ்வளவு குறைந்த சரிவுக்கு ஆகாது. இயந்திரத்தால் மடிப்பை இரண்டு முறை சுருட்டி இறுக்கும் வகைதான் வேண்டும். அது 12-க்குக் கால் அங்குலச் சரிவு வரைகூட அனுமதிக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரரிடம் மடிப்பு இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

முன்பகுதி வேறு கதை. 12-க்கு 6 என்பது இரண்டுக்குமே வசதியான சரிவு. ஷிங்கிளுக்குள் கண்ணாடி இழைப் பாய் ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கமும் தார் பூசி, மேலே சுட்ட கல்மணிகளைப் பதித்திருப்பார்கள். தூம்பில் நீங்கள் அள்ளும் கருமணல் இந்த மணிகள்தான். தாரை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பவை இவையே. இவை போன இடத்தில் தார் வறண்டு, சுருங்கி, ஓரம் சுருள்கிறது. மெல்லிய ஒற்றை அடுக்கு வகை 15 முதல் 20 ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்த தடித்த வகை ஒழுங்காகப் போட்டால் 20 முதல் 30 ஆண்டுகள் தாங்கும். உறையில் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அச்சிட்டிருப்பதை ஆயுள் கணக்காகக் கொள்ளாதீர்கள். பெரும்பாலான உத்தரவாதங்களில் ஆண்டு செல்லச் செல்ல ஈட்டுத்தொகை குறைந்துகொண்டே வரும். தொடக்கச் சில ஆண்டுகள் கழிந்தபின் கழற்றிப் போடும் கூலியும் பெரும்பாலும் கிடைக்காது. நல்ல தகடு 40 முதல் 70 ஆண்டுகள் வரை போகும் என்பது உண்மைதான். ஆனால் அது நல்ல பூச்சுள்ள, திருகு வெளியே தெரியாத தகட்டுக்குச் சொல்லும் கணக்கு.

ஷிங்கிள் என்று முடிவு செய்தால் ஆணியைக் கவனியுங்கள். நான் பழுது பார்க்கப் போகும் கூரைகளில் பாதிக்கு மேல் பொருளின் குறையால் கெட்டவை அல்ல, ஆணியின் குறையால் கெட்டவை. ஒவ்வொரு ஷிங்கிளிலும் ஆணி அடிப்பதற்கென்று ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டில் அடித்தால் ஆணி இரண்டு அடுக்கையும் பிடிக்கும். ஓர் அங்குலம் மேலே ஏறினால் ஒரு அடுக்கை மட்டும் பிடிக்கும், வெயிலில் மற்றது நழுவிக் கீழே வரும். காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, முதல் பெருங்காற்றில் தெரியும். சாதாரண இடத்தில் துண்டுக்கு 4 ஆணிகள், பலத்த காற்று வீசும் இடத்தில் 6. அடியிலுள்ள ஒட்டும் பட்டை வெயிலில் இளகித்தான் கீழ்த் துண்டோடு பிடிக்கும் என்பதால், குளிர்காலத்தில் போட்ட கூரை ஒட்டாமலே மாதக்கணக்கில் கிடக்கும். வேலையை வெயில் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய ஷிங்கிளின் மேலேயே புதியதைப் போட்டுத் தருகிறேன், செலவு குறையும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழையதைப் பிரித்தால்தான் அடியிலிருக்கும் பலகை உளுத்திருக்கிறதா என்று தெரியும். கறை பிடித்த அந்தப் பின்னறையில் நிச்சயம் சில பலகைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

உலோகக் கூரை வீட்டுக்காரர்:

மேலே ‘திருகு வெளியே தெரியாத தகடு’ என்று ஐயா ஒரு வரியில் சொல்லிக் கடந்ததை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு வரி தெரியாமல் நான் பட்ட பாடு அதிகம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு அலைத் தகடு போட்டோம். உலோகம் என்றால் உலோகம்தானே என்று நினைத்து, இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தேன். அது தகட்டின் முகத்திலேயே திருகை இறக்கி, திருகின் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து இறுக்கும் வகை. கூரை முழுவதும் நூற்றுக்கணக்கான திருகுகள், அதாவது நூற்றுக்கணக்கான துளைகள். ஒன்பதாம் ஆண்டு மழையில் மூன்று இடங்களில் ஒழுகியது. ஏறிப் பார்த்தபோது வாஷர்கள் வெயிலில் வெடித்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தன. சில திருகுகளை விரலாலேயே திருப்ப முடிந்தது. தகடு பகலில் நீண்டு இரவில் சுருங்கும்போதெல்லாம் திருகை இழுத்து இழுத்துத் துளை நீள்வட்டமாகியிருந்தது. எல்லாத் திருகுகளையும் எடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிய திருகுகளைப் போட்டோம். இந்த வேலையை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு இன்னொரு வருத்தமும் உண்டு. போட்டவர்கள் தகட்டைக் கூரையின் மேலேயே வைத்து கிரைண்டரால் அறுத்தார்கள். பறந்த தீப்பொறிகள் பூச்சில் ஒட்டி அதைப் பொசுக்கின. இரும்புத் தூளை யாரும் பெருக்கித் தள்ளவில்லை. முதல் மழைக் காலம் முடிவதற்குள் புத்தம் புதிய கூரையில் அம்மை போட்டதுபோல் செம்புள்ளிகள் வந்துவிட்டன. அந்த ஒப்பந்தக்காரரிடம் காட்டியபோது, அது மேலோட்டமான கறை என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. தகட்டைக் கத்தரியாலோ, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வெட்டும் நிப்ளர் இயந்திரத்தாலோ தரையில் வைத்து வெட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாம் ஒப்பந்தக்காரர் ஐம்பது ஆண்டுகள் என்று சொன்னது எந்த வகைத் தகட்டுக்கு என்று தயவுசெய்து கேளுங்கள். ஐம்பது ஆண்டுத் தகட்டில் பத்தாண்டு வாஷரை வைத்தால் கூரையின் ஆயுள் பத்தாண்டுதான்.

கட்டடப் பொறியாளர்:

இரண்டாமவர் சொன்ன மூன்று அச்சங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

சத்தம் தகட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. வெறும் ரீப்பர் சட்டங்களின் மேல் தகட்டைப் பரப்பி, அடியில் வெற்றிடம் இருந்தால் அது முரசு போல அதிரும். தொழிற்கூடங்களில் கேட்டுப் பழகிய சத்தம் அது. பலகை அல்லது பிளைவுட் தளம், அதன் மேல் காப்புத்தாள், அதன் மேல் தகடு, கீழே வெப்பக் காப்புப் பஞ்சும் உட்கூரையும் என்று இருக்கும் வீட்டில் ஷிங்கிளுக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. உங்கள் மகள் படிப்பதற்கு அது இடைஞ்சலாக இராது. மழைச் சத்தத்தைவிட, வெயில் ஏறும் காலையிலும் இறங்கும் மாலையிலும் தகடு நீண்டு சுருங்கும்போது எழும் ‘டக் டக்’ என்ற ஒலியைத்தான் சிலர் குறையாகச் சொல்வார்கள். 8 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு 60 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஏறக்குறைய அதன் இரு மடங்கு நீளும். தகட்டை நகரவிடும் கிளிப்புகளைப் போட்டிருந்தால் இந்த ஒலி வெகுவாகக் குறையும்.

மின்னல் எங்கே விழும் என்பதை உயரமும் சுற்றுப்புறமும் தீர்மானிக்கின்றன. கூரையின் பொருள் அல்ல. விழுந்தாலும் உலோகம் தீப்பிடிப்பதில்லை. இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வெப்பத்தில் இரண்டாமவர் சொன்னது பெரும்பாலும் தலைகீழ். அடர்நிறச் ஷிங்கிள் தன்மேல் படும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. வெளிர் நிறப் பூச்சுள்ள தகடு பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆனால் பூச்சே இல்லாத பளபளப்பான தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், ஏறிய சூட்டை வெளியே கதிர்வீச்சாக விடாது என்பதால் தொட முடியாத அளவுக்குச் சுடும். எந்தப் பொருளாக இருந்தாலும், இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். உட்கூரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு காற்றுத் திறப்பு என்பது வழக்கமான அளவு. ஷிங்கிளின் ஆயுளும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அடியிலிருந்து வேகும் ஷிங்கிள் சீக்கிரம் வறண்டுவிடும்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வானம் தெளிந்த இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் மேலே ஏறும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் நீராகி வியர்க்கும். பலர் இதைக் கூரை ஒழுக்கு என்று நினைத்து மேலே ஏறித் தேடிக்கொண்டிருப்பார்கள். குளியலறைக் காற்றாடியின் குழாய் கூரைக்கு அடியிலேயே முடிந்துவிடாமல் வெளியே வரை போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆலங்கட்டி மழை உண்டென்றால் மோதல் தரத்தைக் கேளுங்கள். 4-ஆம் தரம் என்பது மிக உயர்ந்தது. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் எஃகுக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் வெடிக்காத பொருளுக்கு அதைக் கொடுப்பார்கள். இரண்டிலுமே இந்தத் தரத்தில் பொருள் கிடைக்கிறது. வெடிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்களே தவிர நசுங்கலை அல்ல. எனவே தகடு பள்ளம் பள்ளமாகி, ஒழுகாமல், அப்படியே நிற்கும். அழகுக் குறையை ஏற்பதில்லை என்று சில காப்பீட்டு ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு ஒப்பந்தக்காரர்களையும் மறுபடியும் அழைத்துப் பேசினேன். முதலாமவர் கணக்கிட்டிருந்தது திருகு வெளியே தெரியும் தகட்டைத்தான் என்று தெரியவந்தது; மறைதிருகுத் தகட்டுக்கு அவர் சொன்ன தொகை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இரண்டாமவர் பின்னறையை ரசமட்டம் வைத்து அளந்துவிட்டு, அங்கே ஷிங்கிள் கூடாது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். அவரிடம் மடிப்பு இயந்திரம் இல்லை என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் வேறொருவரை அழைத்து வருவதாகச் சொன்னார். குளியலறைக் குழாயையும் பார்த்தேன். பொறியாளர் ஐயா சொன்னது போலவே அது கூரைக்கு அடியில் பஞ்சின் மேல் திறந்து கிடந்தது. அதைச் சுற்றியுள்ள கைமரங்கள் கறுத்திருந்தன. ஆக, முன்பகுதிக்கு இரண்டு அடுக்குச் ஷிங்கிள், பின்னறைக்கு இயந்திர மடிப்புத் தகடு என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டும் சந்திக்கும் இடத்தை எப்படிச் செய்ய வேண்டும்? முன்கூரையின் பின்சரிவுத் தண்ணீர் முழுவதும் இந்தத் தகட்டின் மேல்தான் வந்து விழும்.

கூரை வேலை செய்பவர்:

சரியான முடிவு ஐயா. உங்கள் சரிவுக்கு நானும் இதையேதான் செய்வேன். இனி அந்தச் சந்திப்பில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். ஏனென்றால் ஒழுகும் கூரைகள் பரப்பின் நடுவில் அபூர்வமாகத்தான் ஒழுகும். பொருள் மாறும் இடத்திலும், சுவரைத் தொடும் இடத்திலும், குழாய் வெளியேறும் இடத்திலும்தான் ஒழுகும்.

பழையதைப் பிரித்ததும் தானாக ஒட்டும் காப்புப் படலத்தைப் பின்னறைத் தளம் முழுவதும் விரித்து, முன்கூரைத் தளத்தின் மேலும் இரண்டடிக்குக் குறையாமல் ஏற்றிவிடச் சொல்லுங்கள். பின்னறைத் தகடுதான் முதலில் வர வேண்டும். தகட்டின் மேல் முனையை நிமிர்த்தி மடித்து, அதை மூடும்படி தனியாக வளைத்த ஒரு சேர்ப்புத் தகடு வரும். அந்தச் சேர்ப்புத் தகட்டின் மேல்பாதிதான் ஷிங்கிளுக்கு அடியில் போகும். ஷிங்கிளுக்கு அடிக்கும் எந்த ஆணியும் கூரைத் தகட்டைத் துளைக்கக் கூடாது. துளைத்தால் நகர வேண்டிய தகடு அங்கே மாட்டிக்கொள்ளும், அந்தத் துளையும் நாளடைவில் கிழியும். தகட்டின் ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறுமுனையை நகரவிட வேண்டும்.

எஃகுத் தகட்டின் பூச்சு பெரும்பாலும் 55 சதவீதம் அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் கொண்டதாக இருக்கும். செம்பு கலந்த தண்ணீர் அதை அரித்துவிடும். ஷிங்கிளில் கருங்கோடாகப் பாசி படியாமல் இருக்க முகட்டில் செம்புப் பட்டை அடிப்பது சிலர் வழக்கம். உங்கள் வீட்டில் அது கூடவே கூடாது, துத்தநாகப் பட்டை அடிக்கலாம். பாசி எதிர்ப்புக்காகச் செம்பு கலந்த மணிகள் பதித்த ஷிங்கிளை எடுப்பதானால், அதன் தண்ணீர் தகட்டில் விழுவதைத் தகட்டுத் தயாரிப்பாளர் ஏற்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செம்பு உப்பால் பதப்படுத்திய மரத்தின் மேலும் தகடு நேராகப் படக் கூடாது.

பலகையை மாற்றி முடித்த அன்று, காப்புப் படலம் விரிப்பதற்கு முன், பின்னறையின் சரிவை இன்னொரு முறை ரசமட்டம் வைத்து மூன்று நான்கு இடங்களில் அளந்துவிடுங்கள். இத்தனை ஆண்டு ஒழுகிய இடத்தில் கைமரம் நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்புண்டு. ஓரத்தில் ஒன்றரை அங்குலமாக இருக்கும் சரிவு நடுவில் ஒன்றுமில்லாமல் போயிருந்தால், தண்ணீர் தேங்கும் அந்த இடத்தைக் கட்டை வைத்து உயர்த்திய பிறகே தகட்டைப் போடச் சொல்லுங்கள்.